உயிராற்றலைக் கண்டறிந்த உத்தமர் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்



ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். வாரத்திற்கு ஒருமுறை மதிய உணவுக்குப் பின் நம் வகுப்பறையில் நீல நிற மாத்திரை ஒன்று தரப்படுவதை நீங்கள் அறிவீர்கள். இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை அது. சென்ற ஆண்டு வரை எங்களில் பலர் அதை விழுங்கியதே இல்லை. விழுங்குவது போல் பாவனை செய்து, கைக்குட்டையில் மறைத்து, தாளில் சுருட்டி, வேப்பமரத்திற்குப் பின்னால் எறிந்துவிடுவோம். வாய் கசக்கிறது, வயிற்றைப் புரட்டுகிறது என்பது நாங்கள் சொல்லிக்கொண்ட நியாயம்.

ஒரு நாள் காலைக் கூட்டத்தில் எங்கள் வரிசையில் நின்ற தோழி ஒருத்தி மயங்கி விழுந்தாள். இரத்தத்தைச் சோதித்ததில் அவளுக்கு இரத்தசோகை என்று தெரிந்தது. அவளும் எங்களோடு சேர்ந்து மாத்திரையை எறிந்தவள்தான். மறுநாள் எங்கள் அறிவியல் ஆசிரியை வேப்பமரத்தடியில் பொறுக்கிய காகிதச் சுருள்களை மேசைமேல் கொட்டினார். அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மாத்திரைக்குள் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று கண்டுபிடித்து, நம் பள்ளி ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி மட்டும் சொன்னார். அவ்வாறு நூலகத்தில் தேடத் தொடங்கியபோது எங்களுக்குக் கிடைத்த பெயர்தான் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

மாத்திரையைத் தேடிப் போன எங்களுக்கு மற்றொரு வியப்பும் காத்திருந்தது. உயிர் வாழும் ஒவ்வொரு செல்லும் செலவழிக்கும் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி. என்னும் பொருளைக் கண்டறிந்தவர்களில் ஒருவரும் இவரே. மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் மையம் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் நாம், அந்த ஆற்றல் எது என்று கண்டவரை அறியாமலிருப்பது தகுமோ? ஆகவே அவரது வாழ்க்கையை எங்களால் இயன்ற அளவு இங்கே எழுதுகிறோம்.

இளமைப் பருவம்

சுப்பாராவ் 1895 ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12 ஆம் நாள் பீமாவரத்தில் பிறந்தார். இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள அவ்வூர், அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. தந்தையார் ஜகந்நாதம் வருவாய்த் துறையில் பணியாற்றியவர். தாயார் வெங்கம்மா. பிள்ளைகள் ஏழு பேரில் சுப்பாராவ் நான்காமவர். தந்தை உடல்நலக் குறைவால் முன்னதாகவே பணியிலிருந்து ஓய்வு பெற்றதால், குடும்பத்தில் வறுமை குடிகொண்டது.

பதின்மூன்று வயதில் சுப்பாராவுக்கு ஒரு யோசனை தோன்றியது. காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் நிறையப் பணம் சேர்க்கலாம் என்று எண்ணி, உறவுக்காரப் பையன் ஒருவனுடன் வீட்டை விட்டு ஓடினார். தாயார் விடவில்லை. அவரைத் தேடிப் பிடித்து வீட்டிற்குக் கொண்டுவந்து மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். அந்தத் தாய் அன்று மனம் தளர்ந்திருந்தால், உலகம் ஒரு விஞ்ஞானியை இழந்து, காசி நகரம் ஒரு பழ வியாபாரியைப் பெற்றிருக்கும்!

பள்ளிக்குத் திரும்பியும் படிப்பு எளிதில் ஏறவில்லை. நெருங்கிய உறவினர்களின் மரணம் அவரது இளமனத்தை வாட்டியது. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். பின்னர் சென்னை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறையாக எழுதித்தான் வெற்றி பெற்றார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நினைத்து இரவில் தூக்கம் வராமல் புரளும் எங்களுக்கு, இந்த ஒரு செய்தியே பெரும் ஆறுதலாக இருந்தது. தோல்வி நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தோல்வியோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை என்றே சொல்கிறோம்.

மருத்துவக் கல்லூரியில்

சென்னை மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட் படிக்கும் காலத்தில் சுப்பாராவின் மனம் துறவறத்தில் நாட்டம் கொண்டது. இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாக விரும்பினார். இம்முறையும் தாயார் இசையவில்லை. மடத்துப் பெரியோர்களோ மருத்துவம் படித்தால் மடத்தின் மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று வழிகாட்டினர். அவ்வாறே சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919 ஆம் ஆண்டு மே மாதம் சேஷகிரி என்னும் பெண்ணை மணந்தார். மாமனார் கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி அவரது படிப்புச் செலவுக்கு உதவி புரிந்தார்.

அக்காலத்தில் காந்தியடிகள் அந்நியப் பொருள்களைப் புறக்கணிக்குமாறு நாட்டு மக்களை அழைத்தார். அவ்வழைப்பை ஏற்ற சுப்பாராவ் கதராலான அங்கியை அணிந்து அறுவைக் கூடத்திற்குச் சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியிருந்தும் அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே தரப்பட்டது. ஒரு முழத் துணிக்காக ஒரு பட்டத்தை இழந்தார் என்று உலகம் சொல்லலாம். தாம் சரியென்று கண்டதற்கு விலை கொடுத்தார் என்று நாங்கள் சொல்வோம்.

அதைவிடப் பெரிய துயரமும் அவரைத் தேடி வந்தது. ஸ்புரூ என்னும் கொடிய நோய் அக்குடும்பத்தைத் தாக்கியது. உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல் கழிச்சலாக வெளியேறிவிடும். நாவும் வாயும் புண்ணாகும், இரத்தம் வற்றும், உடல் உருகிப்போகும். அவருடைய சகோதரர்கள் புருஷோத்தமும் கிருஷ்ணமூர்த்தியும் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். மருத்துவம் படித்திருந்தும் அருகில் இருந்து பார்ப்பதைத் தவிர அவரால் ஏதும் செய்ய முடியவில்லை. பின்னர் அதே நோய் அவரையும் பற்றியது. ஆயுர்வேத மருத்துவத்தில் வல்லவரான டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையால் அவர் உயிர் தப்பினார். அந்த லட்சுமிபதி நடத்திய சென்னை ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூறு கற்பிக்கும் விரிவுரையாளரானார். சகோதரர்களைக் கொன்ற நோய்க்கு மருந்து எது என்ற கேள்வி மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

கடல் கடந்து

அறக்கட்டளை ஒன்றின் உதவியும் மாமனாரின் உதவியும் கொண்டு, 1922 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 26 ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வந்திறங்கினார். இளம் மனைவி சேஷகிரி தாய்நாட்டில் இருந்தார். சில ஆண்டுகளில் படிப்பை முடித்து ஊர் திரும்புவதே திட்டம்.

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பட்டயப் படிப்பில் சேர்ந்தார். வயிற்றுப்பாட்டுக்கு வழி வேண்டுமே! பகலில் படித்து, இரவில் பாஸ்டன் மருத்துவமனை ஒன்றில் கடைநிலை ஊழியராக வேலை பார்த்தார். சென்னையில் மருத்துவம் பயின்ற ஒருவர் அங்கே நோயாளிகளின் கழிகலங்களைச் சுத்தம் செய்யும் வேலையைச் செய்தார். இதை அவர் இழிவாகக் கருதவில்லை.

பட்டயம் பெற்றபின் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் துறையில் பேராசிரியர் சைரஸ் ஃபிஸ்கே என்பவரிடம் சேர்ந்தார். இரத்தத்திலும் தசையிலும் உள்ள பாஸ்பரஸின் அளவைக் காண்பதற்கு இருவரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்து 1925 ஆம் ஆண்டு வெளியிட்டனர். பாஸ்பேட் இருந்தால் கரைசல் நீல நிறம் அடையும்; நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட் இருக்கிறது என்று கணக்கிடலாம். ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று பெயர் பெற்ற இதை, இன்றும் கல்லூரி மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் செய்து பழகுகிறார்கள்.

தசையின் இரகசியம்

இந்த நீல நிறமே ஒரு பெரும் புதிருக்கு வாயில் திறந்தது. தசையிலிருந்து எடுத்த சாற்றைச் சோதித்தபோது நீல நிறம் உடனே முழுமையாக வரவில்லை. மெல்ல மெல்ல, நேரம் ஆக ஆகவே அடர்ந்தது. சோதனையில் ஏதோ தவறு என்று வேறொருவர் கொட்டிவிட்டிருப்பார். இவர்களோ ஏன் என்று கேட்டனர். தசையில் பாஸ்பேட் வேறொன்றோடு தளர்வாகப் பிணைந்திருக்கிறது, அது சோதனைக் குழாயிலேயே சிறிது சிறிதாக உடைந்து வெளிவருகிறது என்பது விளங்கியது. அப்பொருளே பாஸ்போகிரியேட்டின். 1927 ஆம் ஆண்டு இக்கண்டுபிடிப்பு வெளியாயிற்று. தசை வேலை செய்யும்போது அப்பொருள் குறைகிறது, ஓய்வெடுக்கும்போது மீண்டும் பெருகுகிறது என்பதையும் அவர்கள் காட்டினர்.

இதன் பெருமையை உணர ஒரு செய்தியை அறிய வேண்டும். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று அன்று அறிஞர்கள் நம்பினர். தசை பற்றிய ஆராய்ச்சிக்காக ஹில், மெயர்ஹாஃப் என்னும் இருவருக்கு 1922 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசும் கிடைத்திருந்தது. பாஸ்போகிரியேட்டின் வெளிப்பட்டபின் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. 1930 ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த லண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாமலே தசை சுருங்கும் என்று காட்டியதும் அது வீழ்ந்தது. ஹில் அவர்களே அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார்.

1929 ஆம் ஆண்டு ஃபிஸ்கேயும் சுப்பாராவும் தசையிலிருந்து மற்றொரு பொருளையும் பிரித்தெடுத்தனர். அதுவே அடினோசின் ட்ரைபாஸ்பேட் எனப்படும் ஏ.டி.பி. அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் என்பவரும் தனியாக அதைக் கண்டறிந்தார். அடினோசின் என்னும் தலையும் மூன்று பாஸ்பேட் மணிகள் கோத்த வாலும் உடையது அது. கடைசி மணி கழலும்போது ஆற்றல் வெளிப்படும். செல் அவ்வாற்றலைச் செலவழித்துவிட்டு, மணியை மீண்டும் கோத்துக்கொள்ளும்.

எங்கள் தோழி ஒருத்தியின் தாத்தா தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்தவர். கொற்கைத் துறையில் முத்துக் குளித்தவர்களைப் போலவே அவரும் மூச்சை அடக்கிக் கடலடிக்குப் போய்வந்தவர். கடலடியில் அவரது கையும் காலும் எதைக் கொண்டு வேலை செய்தன? தசையில் ஆயத்தமாக உள்ள ஏ.டி.பி. ஓரிரு நொடிகளுக்கே போதும். உடனே பாஸ்போகிரியேட்டின் தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஏ.டி.பி.யைப் புதுப்பிக்கும். அது சில நொடிகள் தாங்கும். அதன்பின் சர்க்கரை சிதைந்து லாக்டிக் அமிலமாகும்போது கொஞ்சம் கிடைக்கும். மேலே வந்து அவர் காற்றை இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது, செலவான கணக்கை நேர் செய்யத்தான். நம் விளையாட்டு விழாவில் 100 மீட்டர் ஓட்டக்காரி கோட்டைத் தாண்டியதும் மூச்சிரைப்பதும் இதனாலேயே. உப்புக் காற்றில் தாத்தா அறிந்ததை, பாஸ்டன் ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் குழாயில் கண்டார்.

தாயின் கொடை

இந்த ஏ.டி.பி.யைச் செல்லில் பெருமளவில் உண்டாக்குவது எது? அதற்கு விடை சுப்பாராவின் வாழ்நாளின் இறுதியில்தான் கிடைக்கத் தொடங்கியது. 1948, 1949 ஆம் ஆண்டுகளில் கென்னடி, லெனிஞ்சர் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள், நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனைக் கொண்டு ஏ.டி.பி. உண்டாக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாவே என்று நிறுவினர். நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.டி.பி. மிகக் கொஞ்சம். ஆனால் அது ஓயாமல் செலவாகி, ஓயாமல் புதுப்பிக்கப்படுவதால், ஒரு நாளில் உண்டாகும் மொத்த ஏ.டி.பி. ஏறத்தாழ நம் உடல் எடை அளவுக்கு வந்துவிடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்!

இந்த ஆற்றல் மையம் பழுதானால் என்ன ஆகும்? 1962 ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு மருத்துவர் ரால்ஃப் லுஃப்ட்டும் உடன் பணியாற்றியோரும் ஒரு பெண்மணியின் நோயை விளக்கினர். எவ்வளவு உண்டாலும் அவர் மெலிந்தார். எந்நேரமும் வியர்வை கொட்டியது. தைராய்டு சுரப்பியிலோ குறை ஏதும் இல்லை. பழுது அவரது தசையின் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்தது. எரிபொருள் எரிந்தது, ஆனால் ஆற்றலாகச் சேராமல் வெப்பமாக வீணாயிற்று. மைட்டோகாண்ட்ரியாவின் கோளாறே ஒரு நோய்க்குக் காரணம் என்று முதலில் அறியப்பட்டது அப்போதுதான். மிகுந்த ஆற்றல் தேவைப்படும் மூளை, கண், இருதயம், தசை ஆகியவற்றையே இத்தகைய நோய்கள் பெரிதும் தாக்குகின்றன.

மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று 37 மரபணுக்கள் கொண்ட தனி டி.என்.ஏ. உண்டு. 1981 ஆம் ஆண்டு மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. முழுவதும் படித்தறியப்பட்டது. அதில் உண்டாகும் மாற்றங்களால் நோய் வரும் என்பது 1988 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இந்த டி.என்.ஏ. தாயிடமிருந்தே பிள்ளைக்கு வருகிறது. ஆகவே அதிலுள்ள சில குறைகளும் தாய்வழியே வரும். அதைத் தடுக்கும் முயற்சியாக, வேறொரு பெண்ணின் நலமான மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்ட கருமுட்டையின் உதவியால் இங்கிலாந்தில் எட்டுக் குழந்தைகள் பிறந்த செய்தி 2025 ஆம் ஆண்டு வெளியாயிற்று.

இதைப் படித்தபோது எங்களுக்கு வெங்கம்மாவின் நினைவு வந்தது. ஓடிப்போன மகனைத் தேடிப் பிடித்துப் பள்ளிக்கு அனுப்பியதோடு அவர் கொடை நின்றுவிடவில்லை. அம்மகன் உடலில் ஏ.டி.பி.யை உண்டாக்கிய ஒவ்வொரு மைட்டோகாண்ட்ரியாவும் அத்தாயிடமிருந்து வந்ததே. தாய் தந்த ஆற்றலைக் கொண்டே ஆற்றல் எது என்று கண்டார் மகன்!

நீல மாத்திரையின் கதை

1930 ஆம் ஆண்டு சுப்பாராவ் முனைவர் பட்டம் பெற்றார். எனினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1940 ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, விரைவில் அதன் ஆராய்ச்சிகளுக்குத் தலைமை ஏற்றார். பேர்ல் ரிவர் என்றால் முத்து ஆறு என்று பொருள். முத்துக்குப் பேர்போன கொற்கைப் பகுதியில் படிக்கும் எங்களுக்கு இந்தப் பெயர் இனித்தது.

அங்கே அவர் பழைய கேள்விக்குத் திரும்பினார். சகோதரர்களைக் கொன்ற ஸ்புரூவுக்கு மருந்து எது? அதற்கான முதல் தடயத்தைத் தேடித் தந்தவர் ஒரு பெண்மணி என்பதை இங்கே பெருமையோடு கூற வேண்டும். ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்ஸ் 1928 ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்து, பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு வரும் இரத்தசோகையை ஆராய்ந்தார். நம் நீலகிரியில் உள்ள குன்னூரிலும் சிறிது காலம் ஆய்வு செய்தார். ஈஸ்டுச் சாற்றில் உள்ள ஏதோ ஒரு சத்து அச்சோகையைத் தீர்க்கிறது என்று 1931 ஆம் ஆண்டு வெளியிட்டார். அச்சத்து எது என்று அன்று தெரியவில்லை. 1941 ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்கள் பசலைக் கீரை வகையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர்.

ஆனால் டன் கணக்கான கீரையிலிருந்து துளியளவே கிடைக்கும் பொருளை எத்தனை நோயாளிகளுக்குத் தர முடியும்? 1945 ஆம் ஆண்டு சுப்பாராவின் தலைமையில் உழைத்த குழுவினர், ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செயற்கையாக உண்டாக்கும் வழியைக் கண்டனர். விரைவிலேயே அது ஸ்புரூ நோயாளிகளுக்கும் தரப்பட்டு நல்ல பலன் தந்தது. சகோதரர்கள் மறைந்து இருபது ஆண்டுகளுக்கும் மேல் கடந்துவிட்டன. அவர்களுக்குத் தர முடியாத மருந்து உலகிலுள்ள மற்ற எல்லாச் சகோதரர்களுக்கும் கிடைத்தது.

தோழியரே, நாங்கள் வேப்பமரத்திற்குப் பின்னால் எறிந்தது இதைத்தான். இரும்போடு சேர்த்து ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் வைத்திருக்கிறார்கள். எலும்பு மச்சையில் புதிய இரத்தச் செல்கள் உருவாக அது தேவை. கருவுற்ற தாய்மார்கள் அதை உண்பதால், குழந்தையின் முதுகுத் தண்டிலும் மூளையிலும் வரக்கூடிய பிறவிக் குறைகள் பெருமளவு தவிர்க்கப்படுகின்றன.

மற்ற மருந்துகள்

ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் பொருள்களையும் சுப்பாராவின் குழுவினர் உருவாக்கினர். கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்ச் செல்களுக்கும் ஃபோலிக் அமிலம் தேவை. போலியைக் கொடுத்து ஏமாற்றினால் அவை பெருக முடியாது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்னும் மருத்துவர், அமினோப்டெரின் என்னும் அப்பொருளை இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948 ஆம் ஆண்டு ஜூன் மாதம் இச்செய்தி வெளியானது. அதுவரை அந்நோய்க்கு மருந்து என்று ஒன்று இருந்ததில்லை. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்திற்கும் தரப்படுகிறது.

யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுக்களை அழிக்கும் ஹெட்ரசான் என்னும் மருந்து 1947 ஆம் ஆண்டு இவரது ஆய்வுக்கூடத்திலிருந்து வெளிவந்தது. டி.இ.சி. என்னும் பெயரில் 2004 ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் பல மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று வழங்கப்பட்ட மாத்திரை இதுவே. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்தான ஆரியோமைசினும் அங்கேதான் பிறந்தது. எழுபது வயதைத் தாண்டிய பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியலார் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்தார். ஓய்வு பெற்ற முதியவர் என்று ஒதுக்காமல் அவருக்கு இடமளித்தது சுப்பாராவின் ஆய்வுக்கூடம். 1994 ஆம் ஆண்டு சூரத் நகரில் பிளேக் பரவியபோது மக்கள் நாடி ஓடியது டெட்ராசைக்ளினைத்தான்.

மறைவும் ஒரு கேள்வியும்

1948 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஓர் இரவு, நியூயார்க்கில் உறங்கச் சென்ற சுப்பாராவ் விழித்தெழவில்லை. மாரடைப்பால் உறக்கத்திலேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 53. அவர் தாய்நாடு சுதந்திரம் அடைந்து ஓராண்டு நிறையும் நேரம் அது. 1922 இல் புறப்பட்டவர் 26 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. ஆயினும் அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. 1946 ஆம் ஆண்டு சட்டம் மாறி இந்தியர்களுக்கு அக்கதவு திறந்த பிறகும் அவர் இந்தியராகவே வாழ்ந்து இந்தியராகவே மறைந்தார்.

அவருக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. தம்மை முன்னிறுத்திக் கொள்ளாத இயல்பினர் அவர். 1953 ஆம் ஆண்டு பூஞ்சை இனம் ஒன்றுக்கு சுப்பாரோமைசஸ் என்று அவர் பெயரைச் சூட்டினர். 1995 ஆம் ஆண்டு அவரது நூற்றாண்டையொட்டி இந்திய அரசு அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வளவும் படித்து முடித்தபின் எங்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது. கணவர் திரும்புவார் என்று 26 ஆண்டுகள் காத்திருந்த சேஷகிரி அம்மையாரைப் பற்றி ஏன் ஓரிரு வரிகளே கிடைக்கின்றன? உலகுக்கு மருந்து தந்தவர் தம் வீட்டுக்கு ஒருமுறையேனும் வந்திருக்கலாகாதா என்று எங்களில் சிலர் கேட்டோம். வந்திருந்தால் அந்த மருந்துகள் தாமதமாகியிருக்கும் அல்லவா என்று வேறு சிலர் கேட்டோம். மதிய இடைவேளை முழுவதும் வாதாடியும் எங்களுக்குள் முடிவு ஏற்படவில்லை. இறுதியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனோம். அந்த மருந்துகளின் விலையில் ஒரு பங்கைச் சேஷகிரி அம்மையாரும் செலுத்தினார். யாரும் அவரிடம் கேட்டுப் பெற்ற பங்கு அன்று அது. ஆகவே சுப்பாராவுக்கு நன்றி சொல்லும்போது வெங்கம்மாவின் பெயரையும் சேஷகிரியின் பெயரையும் சேர்த்தே சொல்வது என்று முடிவு செய்தோம்.

முடிவுரை

நம் கொற்கை ஒரு காலத்தில் கடல் கடந்த நாட்டினரும் அறிந்த பாண்டியர் துறைமுகம். யவனர் நூல்களிலும் அதன் பெயர் உண்டு. இன்று கடல் பல கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. குளமும் வயலும் பழைய வன்னி மரமும் உள்ள சிற்றூராக அது அமைதியாக இருக்கிறது. பெயரும் புகழும் கடல் போல விலகிப் போகக் கூடியவை என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல் இன்றும் நெல்லாக விளைகிறது. சுப்பாராவின் பெயரை அறியாதவர் பலர். அவர் உழைப்போ ஒவ்வொரு வாரமும் நம் உள்ளங்கைக்கு வருகிறது.

மயங்கி விழுந்த எங்கள் தோழி இப்போது நலமாக இருக்கிறாள். இவ்வாண்டு விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்தில் எங்கள் அணிக்காக ஓடினாள். நாங்கள் வென்றது மூன்றாம் இடமே. ஆனாலும் கோட்டைத் தாண்டி மூச்சிரைக்க நின்ற அவளைக் கட்டிக்கொண்டபோது, முதலிடம் பெற்றவர்களைவிட மகிழ்ந்தோம்.

இப்போது மாத்திரை தரும் நாளில் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே விழுங்குகிறோம். வாய் இன்னும் கசக்கத்தான் செய்கிறது. வெறும் வயிற்றில் அல்லாமல் உணவுக்குப் பின் உண்டால் வயிறு அவ்வளவாகப் புரட்டுவதில்லை என்பதை எங்கள் அனுபவத்தில் கண்டோம். வேப்பமரத்தடி சுத்தமாக இருக்கிறது. எங்களுக்குப் பின் இவ்வகுப்புக்கு வரும் தங்கைகளே, அதை அப்படியே வைத்திருங்கள்!

வாழ்க டாக்டர் சுப்பாராவ் புகழ்!

– பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில், ஒரு மாணவி